நூலும் தோழமையும்

விருதுநகரிலோ சாத்தூரிலோ சிவகாசியிலோ ஒரு மாணவனை நிறுத்தி, "என்ன படிக்கிறாய்?" என்று வினவினால், "ஒன்பதாம் வகுப்பு" என்று விடை வரும். அவனுடைய தமக்கையை வினவினால், அவள் தான் பயிலும் கல்லூரிப் பட்டத்தின் பெயரைக் கூறுவாள். இருவர் கூறிய விடையும் பிழையன்று. இக்கால வழக்கில் அவ்வினாவுக்கு அதுவே பொருள். கையில் விரித்து வைத்திருக்கும் நூலின் பெயரை விடையாகக் கூறுவார் ஆயிரத்தில் ஒருவரேனும் உளரோ? படிப்பு என்னும் சொல் பள்ளியோடும் பட்டத்தோடும் பிணைந்துவிட்டது. பட்டம் கைக்கு வந்தவுடன், "படிப்பு முடிந்தது" என்றும் கூறிவிடுகின்றனர். முடிந்தது பட்டமேயன்றிப் படிப்பு எங்ஙனம் முடியும்?

நூல்கள் கிடைக்காமையால் மக்கள் படிக்கவில்லை என்று கூறுவார் உளர். ஒரு காலத்தில் அது மெய்யாக இருந்தது. இன்றோ நூல்கள் மலிந்துள்ளன; நூலகங்களும் உள்ளன. "இப்பொழுது எந்த நூலைப் படிக்கிறாய்? எதுவரை வந்தாய்? அடுத்து எதை எடுக்கப்போகிறாய்?" என்று கேட்கும் தோழர்தாம் அரியர். கேட்பார் இல்லாத பாட்டுப் பாடுவோன் தொண்டையிலேயே அடங்கிவிடுதல் போல, பகிர்ந்துகொள்வார் இல்லாத படிப்பும் சில திங்களில் ஓய்ந்துவிடுகிறது.

இவ்வுண்மையைத் தமிழிலக்கணம் வகுத்தோர் நெடுங்காலத்துக்கு முன்பே கணக்கிட்டுக் கூறினர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்தில், மாணாக்கன் கல்வி நிரம்பும் வகையைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தோடு கேட்பினும் கற்பவனுக்குக் கிடைப்பது கால் பங்கு புலமையே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்பொழுதுதான் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும். கூட்டிப் பார்த்தால், முக்கால் பங்கு கல்வி தோழரிடமும் கேட்போரிடமும் அன்றோ இருக்கிறது? ஆசிரியர் தரும் கால் பங்கையே முழுமை என்று கருதித் தேர்வு எழுதி அமைந்துவிடும் இக்காலத்தார், இலக்கணத்தில் எழுத்தையும் சொல்லையும் பயில்வதோடு இக்கணக்கையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

ஒரு வினா ஒருவர் வாழ்க்கையையும் ஒரு மொழியின் வாழ்க்கையையும் மாற்றிய வரலாறு ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்ட பெருமிதம் அவருக்கு இருந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். முதலியார், அவர் படித்த நூல்கள் யாவை என்று வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று இளம் புலவர் அடுக்கிக்கொண்டே சென்றார். முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. அவற்றுக்கெல்லாம் முற்பட்ட சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த வினா. ஐயர் அவற்றைப் பயின்றதில்லை. முதலியார் அவரை இகழ்ந்து அனுப்பிவிடவில்லை. சிந்தாமணியின் கையெழுத்துப் படி ஒன்றைத் தேடிக் கொடுத்து, உடனிருந்து பாடங் கேட்கவும் முன்வந்தார். அன்று தொடங்கிய வேலை 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அதனைத் தொடர்ந்து வந்தன.

அவ்வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. அதனைப் பலர் நினைப்பதில்லை. சிந்தாமணியில் வரும் சமணச் செய்திகள் விளங்காமல் ஐயர் இடர்ப்பட்டார். கும்பகோணத்திலேயே சைனர் வீடுகள் இருந்தன. அவர் ஆங்குச் சென்றபொழுது ஒரு வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. திருமணம் போலும் என்று எண்ணினார். வீட்டாரோ, ஆறு திங்களாகச் சிந்தாமணியைப் படித்துக் கேட்டு வந்ததாகவும், அன்று அது நிறைவெய்தியதாகவும் கூறினர்! புலவருலகம் மறந்திருந்த காப்பியம் ஒன்று, கூடிப் படிக்கும் வழக்கத்தினால் ஒரு தெருவில் உயிரோடு இருந்தது. ஏட்டைப் பெட்டியில் வைத்துக் காத்தவர்களைப் புகழ்கிறோம். ஆறு திங்கள் அமர்ந்து படித்துக் கேட்டவர்கள் அவர்களினும் உயர்ந்தவர்கள் என்றே கூறுதல் வேண்டும்.

காவிரிக்கரையில் இருந்த அவ்வழக்கம் கரிசல் நிலத்துக்கும் புதிதன்று. மழை பொய்த்த ஊர்களில் மகாபாரதத்தின் விராட பருவத்தைப் படித்தால் மழை பெய்யும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. ஒருவர் படிக்க, மற்றொருவர் பொருள் கூற, ஊரார் கோயில் முன்றிலில் அமர்ந்து கேட்டனர். அச்சு வந்த பின்னர்ச் சென்னையில் இரத்தின நாயகர் போன்ற பதிப்பாளர் வெளியிட்ட 'பெரிய எழுத்து'க் கதைநூல்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. விளக்கின் மங்கிய ஒளியில் ஒருவர் உரத்துப் படிப்பதற்கென்றே அவை பெரிய எழுத்தில் அமைந்தன போலும்! அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் எழுத்தறியா மக்கள் உள்ளத்தில் குடிகொண்டது இவ்வழியில்தான். நல்லதங்காளுக்குக் கோயில் உள்ள அர்ச்சுனாபுரம், விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகில் உள்ளது. அக்கதையைத் தம் கண்ணால் படித்தவரினும் காதால் கேட்டுக் கண்ணீர் விட்டவரே மிகப் பலர்.

இத்தகைய நிலத்தில்தான் தீப்பெட்டித் தொழில் தோன்றியது. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று அத்தொழிலைக் கற்றுச் சிவகாசிக்குத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டும். ஒட்டுச்சீட்டுக்கு அச்சகம் வேண்டும். பட்டாசுத் தொழிலும் வளர, அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்தது. இன்று நாட்காட்டி, நாட்குறிப்பு, பாட ஏடு எனச் சிவகாசியில் அச்சாகும் தாள் இந்தியா முழுவதும் செல்கிறது. எனினும் தாள் மலிந்த ஊரில் அதைப் படிக்கும் ஓய்வு பலர்க்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவரும் சிறுமியரும், விடியற்காலையில் வரும் வண்டியில் ஏறி, மக்கள் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று அழைக்கும் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். குச்சி அடுக்கிய அவ்விரல்கள் ஏடு புரட்டவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறுவர் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நிலைமை பெரிதும் மாறியது. ஆயினும் அன்றைய சிறுமியர் இன்று பாட்டியராகிவிட்டனர். பேரன் கையிலுள்ள நூலை அவருள் பலர் தொட்டுத்தான் பார்க்க முடியும்.

கை வேலையில் இருக்கும்பொழுது காது சும்மா இருக்கிறது அன்றோ? இதனைக் கண்டுகொண்டோர் உலகில் இருந்தனர். கியூபா நாட்டின் தலைநகராகிய அவானாவில் 1865ஆம் ஆண்டில், சுருட்டுத் தொழிலாளர்க்கு நூல் படித்துக் காட்டும் வழக்கம் தொடங்கியது. நீண்ட கூடத்தில் வரிசையாக அமர்ந்து அவர்கள் சுருட்டுச் சுற்ற, உயர்ந்த மேடையில் ஒருவர் அமர்ந்து செய்தித்தாளும் நெடுங்கதையும் உரத்துப் படித்தார். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தங்களுக்குள் திரட்டிக் கொடுத்தனர். எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே தேர்ந்தனர். பிரெஞ்சு ஆசிரியர் தூமா எழுதிய மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் கதை அவர்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. புகழ்பெற்ற சுருட்டு வகையொன்று அப்பெயரையே தாங்கியது. சுருட்டு நல்ல பொருளன்று. அதைச் சுற்றியவர் கொண்ட நூல்விருப்பம் நல்லது.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளர் தமக்குள் ஒருவரைப் படிப்பதற்கு அமர்த்தினர். அவர் செய்தித்தாளையும் நூல்களையும் படிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே பீடி சுற்றினர். படிப்பவர் கூலி இழவாதபடி, அவர் சுற்ற வேண்டிய பங்கையும் தாமே சுற்றிக் கொடுத்தனர். பள்ளி வாயிலையே மிதியாதவர்களும் உலகச் செய்திகளை எடுத்து வழக்காடும் அளவுக்கு அறிவு பெற்றது இவ்வாறுதான்.

சிவகாசியின் பட்டாசு அறைகளில் இதனை அப்படியே பின்பற்றுதல் இயலாது. மருந்து கலக்கும் இடத்தில் கண்ணும் காதும் கருத்தும் வேலையிலேயே இருத்தல் வேண்டும். ஓர் அறையில் பலர் கூடுவதையே விதி தடுக்கிறது. ஆனால், அறைக்கு வெளியேயும் வாழ்க்கை உண்டு. வீட்டுத் திண்ணையில் காகிதக் குழல் சுற்றுவோரும் பெட்டி ஒட்டுவோரும் இருக்கின்றனர். மாலையில் ஒரு மாணவி அவர்களருகில் அமர்ந்து தன் நூலின் நான்கு பக்கங்களை உரத்துப் படித்தால் யார் தடுப்பர்? பவணந்தியார் கூறிய அரைப் பங்கு அவளுக்கு அத்திண்ணையிலேயே கிடைத்துவிடும்.

சாத்தூர் வழியாகக் கோவில்பட்டியைக் கடந்து தெற்கே சென்றால் இடைசெவல் என்னும் சிற்றூர் வரும். அங்கே 1923ஆம் ஆண்டில் பிறந்த இரு சிறுவர் தோழராயினர். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்தார்; ராஜநாராயணன் இடையிலேயே பள்ளியை விட்டார். ஆயினும் இருவரும் ஒருவர்க்கொருவர் பள்ளியாக விளங்கினர். கம்பனையும் காவடிச்சிந்தையும் உருசிய நாட்டுக் கதைகளையும் பற்றி அவர்கள் பேசிய பேச்சுக்கு அளவில்லை. பிழைப்பின் பொருட்டு அழகிரிசாமி சென்னைக்குச் சென்றார்; பின்னர் மலேயாவுக்கும் சென்றார். அப்பொழுதும் பேச்சு நிற்கவில்லை, கடிதமாக மாறியது. நண்பர் எழுதிய அக்கடிதங்களை ராஜநாராயணன் போற்றிக் காத்துவைத்தார். பிற்காலத்தில் அவை நூலாகவே வெளிவந்தன. 1970இல் அழகிரிசாமி மறைந்தார். அவ்வாண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு அவருடைய 'அன்பளிப்பு' என்னும் நூலுக்குக் கிடைத்தது. 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் நூலுக்காக ராஜநாராயணன் 1991இல் அதே பரிசைப் பெற்றார். ஒரு சிற்றூர், இரு நண்பர், இரு பரிசுகள்! நிலவளத்தால் விளைந்த பயனோ இது? கரிசலின் வளத்தை அங்குள்ள உழவரைக் கேட்டால் கூறுவர். நூலைத் தனியே உண்ணாமல் பகிர்ந்து உண்டதால் விளைந்த பயன் என்பதே பொருந்தும்.

அவ்விருவரும் மதித்துப் போற்றிய பெரியவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவருடைய இல்லத்து முற்றத்தில் அன்பர்கள் கூடிக் கவிதை படித்தனர். அம்முற்றம் வட்டத் தொட்டியாக அமைந்திருந்தமையால், கூடிய கூட்டத்துக்கும் 'வட்டத்தொட்டி' என்றே பெயர் வழங்கியது. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அன்று மாலை முழுவதும் அதனைச் சுவைத்திருந்தவர்களும் உண்டு. நூறு பாட்டை ஓட்டமாகப் படித்து முடிப்பதினும் அது மேலானது.

'அன்பளிப்பு' என்னும் சிறுகதையும் நூலும் தோழமையும் பற்றியதே. ஒருவர் வீட்டுக்குக் குழந்தைகள் கூட்டமாக வந்து படிப்பதற்கு நூல் கேட்பர். வராவிட்டால் அவருக்கு நாள் போகாது. புத்தாண்டில் அவர் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் நாட்குறிப்பு வாங்கிக் கொடுக்கிறார். சாரங்கன் என்னும் சிறுவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் அழவுமில்லை, சினக்கவுமில்லை. பின்னொரு நாள் தானே ஒரு நாட்குறிப்பைக் கொண்டுவந்து, அவர் தனக்கு அன்பளிப்பாகத் தந்ததாக அதில் எழுதித் தரும்படி நீட்டுகிறான். ஒரு நாட்குறிப்பின் விலை அவனுக்குப் பெரிதன்று. நூல் கொடுத்து நூல் வாங்கும் அக்கூட்டத்தில் தன் பெயரும் எழுதப்பெற வேண்டும் என்பதே அவன் விரும்பியது. நூலன்பர் கூட்டம் அமைப்போர் இக்கதையை ஒருமுறை படித்தல் வேண்டும். நன்றாகப் பேசுவோரைச் சேர்த்துக்கொண்டு, வாய் திறவாமல் ஓரத்தில் நிற்பவனை மறந்துவிடும் கூட்டங்கள் பல.

இனி, பகிர்ந்து பேசுவதில் தீங்கே இல்லையோ எனின், உண்டு. படித்ததைக் கூறுதல் வேறு. படித்தவனாகக் காட்டிக்கொள்ளுதல் வேறு. முன்னுரையை மட்டும் பார்த்துவிட்டு நூல் முழுவதையும் அளந்து பேசுவோர் எக்காலத்தும் இருந்தனர். இத்தகையோரைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு: எந்த இடம் உமக்கு விளங்கவில்லை என்று கேட்டால் போதும். மெய்யாகப் படிப்பவன், "இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன், இதற்குமேல் செல்ல இயலவில்லை" என்று தயங்காமல் கூறுவான். அச்சொல்லே தோழனுக்குப் பேசுவதற்கு இடம் தருகிறது. முடித்த நூலைப் பற்றிய புகழுரையினும், பாதியில் இருக்கும் நூலைப் பற்றிய ஐயவுரையே பயன் மிக்கது.

படிக்கப்போகும் நூல்களைப் பற்றிப் பேசுவது வீண் என்றும் சிலர் கருதுவர். நீண்ட பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டி, ஆண்டிறுதியில் கிழித்தெறிவோரைக் கண்டு அவர்கள் இவ்வாறு கூறுகின்றனர். குற்றம் திட்டமிடுதலில் இல்லை, அளவில் இருக்கிறது. விருதுநகரில் காமராசர் பயின்ற பள்ளி பிடி அரிசியால் வளர்ந்தது. வீடுதோறும் உலை வைக்கும்பொழுது ஒரு பிடி அரிசியை எடுத்துப் பள்ளிக்கென்று வைத்தனர். எந்த வீடும் அதனால் பட்டினி கிடக்கவில்லை. பள்ளியோ நிமிர்ந்து நின்றது. படிப்புக்கும் அந்த அளவே ஏற்றது. திருக்குறளில் நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 133 நாளில் முடியும். சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளும் நாளுக்கொன்றாக ஒரு திங்களில் முடியும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையுடைய கம்பராமாயணமும் நாளுக்குப் பத்துப் பாடலாக ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் நிறைவெய்தும். தனியே தொடங்குவோன் பால காண்டத்திலேயே நின்றுவிடுவான். இருவராய்த் தொடங்கினால் ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் கேட்பார்; அவர் கேட்பாரே என்னும் நாணத்தினாலேயே பத்துப் பாடல் நடந்துவிடும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டிலேயே சென்னை மாநிலம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. வீட்டு வரியோடு ஒரு சிறு பங்கு நூலக வரியாகவும் செல்லுகிறது. பட்டாசுத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டுக்கு வரி செலுத்தும்பொழுது, தாம் படிக்காத நூல்களுக்கும் பணம் செலுத்துகிறார். அவர் வீட்டுப் பிள்ளைகள் அந்நூல்களை எடுத்துவருதல் உரிமையேயன்றிச் சலுகையன்று. அண்மை ஆண்டுகளில் விருதுநகரில் புத்தகத் திருவிழாவும் நடைபெறுகிறது. அங்கே கூட்டமாகச் செல்லும் மாணவர் ஆளுக்கொரு பிரதியாக ஒரே நூலை வாங்காமல், வெவ்வேறு நூல்களை வாங்கி மாற்றிக்கொள்ளுதல் நன்று. ஐவர் ஐந்து நூல் வாங்கினால் ஒவ்வொருவர்க்கும் ஐந்து நூல் உண்டு. கோடை விடுமுறைக்கு அவை போதும்.

முடித்த நூலை அடுத்தவரிடம் கொடுக்கும்பொழுது இரண்டு சொல் கூறிக் கொடுத்தல் வேண்டும். கதையின் முடிவைக் கூறிவிடுதல் நாகரிகமன்று. வீட்டுக்கு வந்த நூலை மாலைப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து உரத்துப் படிக்கலாம். முதல் நாள் வீட்டார் ஒருவரும் கவனியார். இரண்டாம் நாள் தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். மூன்றாம் நாள், குழல் சுற்றும் கையை நிறுத்தாமலே, "நேற்று எந்த இடத்தில் விட்டாய்?" என்று பாட்டி கேட்பாள்.